நான் தளர்த்தாத நட்டு

நட்டைத் தளர்த்தச் சொல்லிவிட்டுத்தான் சாமுவேல் போனான். நான் தளர்த்தவில்லை. முதலாளி கேட்டபோது, அவன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று எல்லோர் முன்னாலும் பொய் சொன்னேன். மெக்கானிக் வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். இதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் சொல்வது நியாயம் இல்லை.

1. சாமுவேலும் நானும்

அறுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூரில் ஒரு கார் ஷெட்டில் வேலை பார்த்தேன். முதலாளியைப் பாய் என்போம். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். காரோடு வரும் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துச் சொல்வேன். சாமுவேல் பழையசீவரத்துச் சேரியிலிருந்து வந்தவன், ஐந்தாவதோடு நின்றவன். அவன் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு செய்தவர்கள். அவனும் நானும் ஷெட்டில் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். வேலையில் அவன் என்னைவிட உசத்தியும் இல்லை, மட்டமும் இல்லை.

ஆனால் டிரைவர்கள் வந்து இறங்கியதும், "சாமுவேலு கீறானா?" என்றுதான் கேட்பார்கள். நான் எதிரே நின்றாலும் அதே கேள்விதான். அவனுடைய கேலிப் பேச்சு எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும் என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பாய் காஞ்சிபுரத்தில் இன்னொரு ஷெட் போட இருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள என்னைத்தான் அனுப்புவார் என்று வீட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் அவர் கிரீஸ் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சாமுவேலதான் அனுப்பணும். அவன் கீற எடத்துக்கு வண்டி தானா வரும்." 

2. இடது முன் சக்கரம்

அதற்கு அடுத்த வாரம் டிரைவர் கண்ணப்பன் வாடகைக்கு ஓட்டும் தன் பிளஷர் காரைக் கொண்டுவந்தார். "முன்னால ஒரே இரைச்சல், நைனா. பேஜாரா கீது" என்றார்.

"வண்டி கத்துதா, இல்ல நீ பாடிக்கினு வந்தியா?" என்றான் சாமுவேல்.

மூவரும் மானாம்பதி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். வலப்பக்கம் திருப்பினால் பாரம் இடது சக்கரத்தில் இறங்கும். திருப்பியபோதெல்லாம் இரைச்சல் ஏறியது. இடது பேரிங்தான் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கண்ணப்பன் சாமுவேலின் முதுகில் மட்டும் தட்டினார்.

ஷெட்டில் ஜாக்கி ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியதும் தடக் தடக் என்று ஆடியது. சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைக் கழற்றினால், பேரிங் உருளைகளில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். சாமுவேல் பழையதைத் தட்டி எடுத்து, புதியதை உட்கார வைத்து, உள்ளங்கையில் கிரீஸை வைத்துப் பேரிங்குக்குள் திணித்து மாட்டினான்.

அடுத்ததுதான் முக்கியம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை நன்றாக இறுக்க வேண்டும். அப்போதுதான் பேரிங் ஒழுங்காக அமரும். பிறகு நட்டின் தலையில் உள்ள பள்ளங்களில் ஒன்றின் அளவுக்குத் திருப்பித் தளர்த்தி, அது அவிழாமலிருக்கப் ‘பின்’ என்கிற கம்பி ஊசியைக் குத்தி மடக்க வேண்டும். தளர்த்தாமல் விட்டால் பேரிங் சூடேறி எரிந்துவிடும். மாட்டியவன் பின் போடக் கூடாது, வேறொருவன் ஆட்டிப் பார்த்துத்தான் போட வேண்டும் என்பது பாய் வைத்த சட்டம். அன்று பின் போட வேண்டியவன் நான்.

சாமுவேல் இறுக்கி முடித்த நேரம், காஞ்சிபுரத்தில் இடம் பார்க்க வரச் சொல்லிப் பாய் கூப்பிட்டார். அவன் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான்.

"நடேசு, நட்டு கெட்டியா கீது. ஒரு பள்ளம் லூஸ் பண்ணிட்டு பின்ன போட்டுடு. எடம் பெருசா இருந்தா உனக்கும் ஒரு ஸ்டூல் போடச் சொல்றேன்" என்று சிரித்தான்.

நான் சக்கரத்தைச் சுற்றினேன். கனமாகச் சுற்றியது. அப்படியே பின்னைக் குத்தி மடக்கினேன். மறந்துவிட்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. சூடேறும், மறுபடி இரையும், வண்டி திரும்பி வரும், சாமுவேல் பெயர் கெடும் என்றுதான் கணக்குப் போட்டேன். அதற்கு மேலும் நடக்கலாம் என்பது தொழில் படித்த எனக்குத் தெரியும். நான் யோசிக்க மறுத்தேன்.

3. படிச்ச பிள்ளை

மறுநாள் ஒரு குடும்பத்தைத் திருமுக்கூடல் கோயிலில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும்போது கண்ணப்பனின் சக்கரம் இறுகி நின்று, வண்டி வயலுக்குள் புரண்டது. அவருக்கு வலது கை முறிந்தது. வண்டியை மாடு கட்டி இழுத்து வந்தார்கள். ஹப்பைத் திறந்தோம். கிரீஸ் உருகி ஓடியிருந்தது. உருளைகள் நீலம் பாரித்திருந்தன.

"நடேசுகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன், பாய்" என்றான் சாமுவேல்.

"இன்னா நடேசா?"

"இல்ல பாய். முடிச்சிட்டேன், பின்ன மட்டும் போடுன்னான்."

கூட்டத்தில் யாரோ, "படிச்ச புள்ள பொய் சொல்லுமா?" என்றார்கள். ஆட்டிப் பார்க்காததற்கு எனக்குத் திட்டு விழுந்தது. சாமுவேலுக்கு வேலை போனது. அவன் என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு சோப்புப் போட்டு நிதானமாகக் கை கழுவிவிட்டுப் போனான்.

காஞ்சிபுரம் ஷெட் எனக்குக் கிடைத்தது.

4. எல்லோர் முன்னாலும்

பல மாதம் கழிந்தும், சக்கரத்தில் கை வைத்தாலே அந்தக் கனம் நினைவுக்கு வந்தது. வேறெந்த ஷெட்டிலும் அவனைச் சேர்க்கவில்லை, கூலிக்கு அறுப்பு அறுக்கிறான் என்று கேள்விப்பட்டுப் பழையசீவரம் போனேன். வரப்பில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவன் அரிவாளைக் கீழே வைக்கவில்லை.

"பொய்ய ஊரே கேக்கச் சொன்ன. நெசத்த மட்டும் என் காதாண்ட வந்து சொல்றியே, எதுக்கு?"

மறுநாளே உத்திரமேரூர் ஷெட்டில் பாய், கண்ணப்பன், மற்ற டிரைவர்கள் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். கண்ணப்பன், நேராக நீட்ட வராத அந்தக் கையால் என்னைச் சுட்டிக்காட்டிக் காறித் துப்பினார். பாய், "அந்தப் புள்ள சோத்துல நானும் சேந்து மண்ணு போட்டேனே" என்றார். என்னைப் போகச் சொல்லிவிட்டு, சாமுவேலுக்கு ஆள் அனுப்பினார்.

சாமுவேல் வந்தான். என்னை வேலையை விட்டு அனுப்ப மட்டும் அவன் ஒப்பவில்லை.

"அனுப்பாதீங்க பாய். சேரிக்காரன் வந்து படிச்ச புள்ளய தொரத்திட்டான்னு ஊரு பேசும். அந்தப் பழி எனக்கு வேணாம். அவனும் இங்கயே கீட்டும்."

காஞ்சிபுரம் ஷெட்டை அவன் பார்த்துக்கொண்டான். நான் அவன் கீழே வேலை செய்தேன். என்னை அவன் ஒருநாளும் சிறுமைப்படுத்தவில்லை. வேலைக்கு வேண்டிய வார்த்தைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அவன் கல்யாணத்துக்கு ஷெட்டில் எல்லோரையும் அழைத்தான், என்னைத் தவிர. கேட்க எனக்கு வாய் ஏது?

உண்மையைச் சொல்லிவிட்டால் பொறாமை தீர்ந்துவிடும் என்று நம்பியிருந்தேன். தீரவில்லை. டிரைவர்கள் அவனைச் சுற்றி நின்று சிரிக்கும்போதெல்லாம், ஒரு பக்கம் நட்டை முடுக்கிக்கொண்டே வயிறு எரிந்தேன். அப்படி எரிந்த நாட்களில் சக்கர வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கார்புரேட்டர் கழுவப் போய்விடுவேன். ஏன் என்று சாமுவேல் ஒருநாளும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும். தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் உள்ள புத்தி இவ்வளவுதான்: மனசு கெட்ட நாளில், அடுத்தவன் உயிரைச் சுமக்கும் வேலையில் கை வைக்காதீர்கள்.