அக்கா கேட்ட கிற்றார் மெட்டு

அக்காவுக்கு விசா வருவதற்குள் அந்த மெட்டை வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். விசா எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த கிழமையும் வரலாம், அடுத்த வருசமும் வரலாம். அப்படியொரு நிச்சயமில்லாத காலத்தில்தான் நான் கிற்றார் பழகத் தொடங்கினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். அத்தான் கலியாணம் முடித்த கையோடு கனடா போய்விட்டவர். அவரிடம் போய்ச் சேருவதற்காக அக்கா காத்திருந்தாள். அவளைத் தனியே விட முடியாது என்பதால் அம்மா என்னையும் கூட அனுப்பியிருந்தார். எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ற் கந்தோரில் கிளார்க் வேலை கிடைத்திருந்தது.

அத்தான் புறப்படுவதற்கு முன் அக்காவும் அவரும் சேர்ந்து பார்த்தது ஒரேயொரு படம். ஊரில் கரண்ட் இல்லாத காலம். யாரோ வீட்டு முற்றத்தில் ஜெனரேற்றர் போட்டு, ரி.வி. வாடகைக்கு எடுத்துக் காட்டினார்கள். படம் முடிய முன்னமே மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. கதை என்ன ஆனது என்று அக்காவுக்கு நெடுநாள் தெரியாது. ஆனால் அந்தப் படத்தில் அடிக்கடி வந்துபோகும் ஒரு கிற்றார் இசை அவளிடம் தங்கிவிட்டது. சொற்கள் இல்லாத சின்ன மெட்டு. சமைக்கும்போது, உடுப்புத் தோய்க்கும்போது அதைத்தான் முணுமுணுப்பாள்.

கந்தோரில் என் மேசைக்கு எதிர் மேசையில் இருந்தவன் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெடியன். கோவில் பாட்டுக் குழுவான குவயரில் கிற்றார் வாசிப்பவன். அவனிடம் இரண்டு கிற்றார் இருந்தன. பழையதை எனக்குத் தந்து, சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் தன் வீட்டில் வைத்துச் சொல்லித் தந்தான்.

"கோர்ட்ஸ் எல்லாம் பொறகு பாப்பம் மச்சான். ஒனக்கு அந்த மெட்டு மட்டும்தானே வேணும்? மெல்லிசான ரெண்டு கம்பி போதும்" என்றான்.

இரண்டு கம்பிதான். ஆனால் மெட்டின் நடுவில் ஓர் இடம் இருந்தது. அங்கே சுண்டுவிரல் எட்டிப் போய் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு உடனே திரும்ப வேண்டும். அவ்விடத்தில் என் விரல் போகாது. போனாலும் கம்பி 'டிப்' என்று செத்த சத்தம்தான் போடும். நான் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். திரும்பவும் அதே இடத்தில் நிற்பேன்.

கிற்றாரை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து சேர்த்ததே ஒரு பாடு. பெட்டி இல்லாததால் கட்டில் விரிப்பொன்றில் சுற்றியிருந்தேன். அந்தக் காலத்துக் கொழும்பில், துணியால் சுற்றிய நீளமான ஒரு பொருளோடு பஸ்ஸில் ஏறும் தமிழ்ப் பெடியனை எல்லோரும் ஒருமுறை பார்ப்பார்கள். சோதனைச் சாவடியில் இறக்கி, விரிப்பை அவிழ்த்து, கிற்றாரின் வட்ட ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு விட்டார்கள். பஸ் எனக்காக நிற்கவில்லை. மிச்சத் தூரம் நடந்தேன்.

வீட்டுக்கார அன்ரி கிற்றாரைக் கண்டதுமே முகம் மாறினார். முந்திய கலவரத்தில் ஒரு வீட்டை எரியக் கொடுத்தவர் அவர்.

"தம்பி, சத்தம் போடாதையும். பக்கத்தில இருக்கிறது சிங்கள மனுசி. கொம்ப்ளெயின் குடுத்தா ஆர் புதுசா வந்திருக்கினம் எண்டு முதல்ல என்னைத்தான் கேப்பாங்கள்."

அந்த மனுசியின் வீடும் எங்கள் அறையும் ஒரே சுவரில் ஒட்டியிருந்தன. மதிலுக்கு மேலால் ஓரிரு தடவை பார்த்திருக்கிறோம். தடித்த உடம்பு, ஹவுஸ்கோட், சிரிக்காத முகம். நான் கைலேஞ்சியை மடித்துக் கம்பிகளுக்குக் கீழே செருகிச் சத்தத்தைக் குறைத்துத்தான் வாசித்தேன். அப்படியும் நான் பின்னேரம் வேலையால் வந்து நடு இடத்தில் தடுக்கித் தடுக்கி நிற்கும்போது, சுவரில் 'டொம் டொம்' என்று தட்டல் கேட்கும். நானும் அக்காவும் அப்படியே உறைந்து போவோம். வாசலில் ஜீப் ஏதும் வந்து நிற்கிறதா என்று அக்கா யன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பாள். ஒன்றும் நடக்காது. அடுத்த நாள் இன்னும் மெல்ல வாசிப்பேன். அடுத்த நாளும் தட்டல் வரும்.

"விடன்ரா. பிறகு எனக்கு வாசிச்சுக் காட்டலாம்" என்பாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நான் போறதுக்குள்ள உனக்கு வந்திடுமோ?" என்று கேட்பாள்.

நண்பன் தன் கிற்றாருக்குப் புதுக் கம்பிகள் மாற்றியபோது, கழற்றிய பழையதுகளை என்னிடம் தந்தான். "அறுந்தா போட்டுக்கோ." நான் அவற்றை வட்டமாகச் சுருட்டி, வெறும் பால்மா டின் ஒன்றுக்குள் வைத்து மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அதில் எனக்குப் பிழை எதுவும் தோன்றவில்லை.

நகரில் ஒரு குண்டு வெடித்தது. அதற்கு அடுத்த நாள் விடியும்போது பொலிஸார் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். எங்களிடம் பொலிஸ் பதிவு சரியாக இருந்தது. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தோம். கட்டிலுக்குக் கீழே குனிந்த ஒருவர் அந்த டின்னை இழுத்து மூடியைத் திறந்தார். உள்ளே மெல்லிய இரும்புக் கம்பிச் சுருள்கள்.

"மே மொனவாத?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

சிங்களத்திலும் கம்பி என்றால் கம்பிதான் என்று எனக்குத் தெரியும். "கிற்றார் கம்பி" என்றேன்.

அவர் சுவரில் சாய்த்திருந்த கிற்றாரைப் பார்த்தார். அதில் கம்பிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. "கிற்றாரில் கம்பி இருக்கிறதே. அப்ப இது எதுக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதற்கான சிங்களச் சொற்கள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. சேர்ட்டைப் போடச் சொன்னார்கள். டின்னையும் எடுத்துக்கொண்டார்கள்.

பொலிஸ் நிலையத்தில் நீண்ட வாங்கு ஒன்றில், பிடித்து வந்தவர்களோடு என்னையும் வரிசையாக இருத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் ஹெவ்லொக் டவுனில் பிடிபட்ட நடுத்தர வயதுக்காரர் ஒருவர்.  மேசையில், எல்லோருக்கும் தெரியும்படி, என் பால்மா டின். கம்பி, டின், யாழ்ப்பாணத்து முகவரி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. அக்காவின் விசா இதனால் நின்றுபோகுமோ என்ற எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

திடீரென்று பக்கத்தில் இருந்தவர் வாயசையாமல் சொன்னார்: "தம்பி, விரலை ஆட்டாதையும். சைகை காட்டுறீர் எண்டு நினைக்கப் போறாங்கள்."

குனிந்து பார்த்தேன். என் இடது கை விரல்கள் முழங்காலில் அந்த மெட்டை வாசித்துக்கொண்டிருந்தன. கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் இருந்தேன்.

இதற்கிடையில் வீட்டில் என்ன நடந்தது என்பதை அக்கா பிறகு சொன்னாள். என்னைக் கொண்டுபோனதும் அவள் வீட்டுக்கார அன்ரியைக் கூட வரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். அன்ரி வாசல்படியைத் தாண்டவில்லை. அழுதிருக்கிறார். அக்காவுக்குச் சிங்களத்தில் பத்துச் சொல்கூடத் தெரியாது. வேறு யாரிடம் போவது என்று தெரியாமல், ஒழுங்கைக்கு இறங்கி, நாங்கள் அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்த அந்தப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள்.

கதவைத் திறந்த மனுசி வெள்ளை யூனிபோமில் நின்றாராம். ஆஸ்பத்திரி நேர்ஸ். நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் வந்திருக்கிறார், சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. அக்கா, தம்பி என்பதற்குத் தனக்குத் தெரிந்த சிங்களச் சொல்லைச் சேர்த்து, "மல்லி, பொலிஸ், கிற்றார்" என்று சொல்லிவிட்டு, கையால் கம்பி சுருட்டிக் காட்டியிருக்கிறாள். மனுசி கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அவர்கள் இருவரும் பொலிஸ் நிலையத்துக்குள் வந்தபோது நான் முதலில் அக்காவைக் கண்டு பயந்தேன். அவளையும் பிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் முன்னால் வந்த வெள்ளை யூனிபோமைக் கண்டேன். முகம் தெரிந்தது. முறைப்பாடு கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று முடிவு செய்து தலையைக் குனிந்துகொண்டேன்.

என் அரைகுறைச் சிங்களத்துக்கு விளங்கியது இவ்வளவுதான். "மே கொல்லாவ மம தன்னவா" என்று தொடங்கினார். இந்தப் பெடியனை எனக்குத் தெரியும். பொறுப்பாக இருந்த அதிகாரி, "உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

"சொந்தமா? இவனால் எனக்கு நித்திரையே இல்லை. இரவெல்லாம் வார்ட்டில் நின்றுவிட்டு வந்து படுத்தால், பின்னேரம் ஒரே பாட்டு. எப்போதும் ஒரே இடத்தில் பிழைக்கும். சுவரில் தட்டினாலும் நிற்பாட்டுகிறான் இல்லை. குண்டு வைக்கிறவன் ஊருக்கெல்லாம் கேட்க இப்படியா சத்தம் போடுவான், மாத்தயா?"

பிறகு மேசையில் இருந்த டின்னுக்குள் கையை விட்டு ஒரு சுருளைத் தூக்கிக் காட்டி, "தத்" என்றார். "கிட்டார் தத்." கிற்றார் கம்பிக்குச் சிங்களத்தில் 'தத்' என்று தனிச்சொல் இருப்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். நான் சொன்ன கம்பி வெறும் இரும்புக் கம்பியாகவே அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அதிகாரி சிரிக்கவில்லை. உடனே விடவும் இல்லை. கந்தோருக்குப் போன் பண்ணி விசாரித்து, மத்தியானம் கழிந்த பிறகுதான் விட்டார்கள். அதுவரை அந்த மனுசி யூனிபோமோடு, சுவரில் தலையைச் சாய்த்து, கதிரையிலேயே நித்திரையாய் இருந்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

திரும்பி வரும்போது த்ரீவீலில் அவர் சொன்னது ஒன்றுதான். "ஆறு மணிக்குப் பிறகு வாசி. நான் எழும்பிவிடுவேன்."

ஆனால் நான் வாசிக்கவில்லை. கிற்றாரை விரிப்பில் சுற்றி அலுமாரிக்கு மேலே போட்டேன்.  வாசலில் வாகனம் மெதுவாகப் போனாலும் எழும்பிப் போய் யன்னலால் பார்த்தேன். அக்கா மெட்டைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். இப்படி இருக்கும்போதுதான் விசா வந்தது. இரண்டு பெட்டியைக் கட்டி, கட்டுநாயக்கா விமான நிலையம் போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். மெட்டை வாசித்துக் காட்டவேயில்லை.

அவள் போன பின் அறை பெரிதாகிவிட்டது. வேலை, சாப்பாட்டுக் கடை, அறை. மார்கழியில் கிறிஸ்மஸ் நெருங்கும்போது நண்பன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "மச்சான், அந்தப் பழைய கிட்டார் தேவப்படும் போல. நத்தார் பாட்டுக்கு குவயர்ல புதுசா ஒரு ஆள் சேந்திருக்கான்."

திருப்பிக் கொடுத்துவிட்டால் இனி இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அன்று பின்னேரம் ஆறு மணி கழிந்ததும் அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினேன். கைலேஞ்சி வைக்கவில்லை. முதல் நாள் நடு இடத்தில் பழையபடி நின்றேன். சுவரில் தட்டல் வரவில்லை. நண்பன் ஒரு வழி சொல்லித் தந்தான். சுண்டுவிரலை மட்டும் எட்ட விடாமல், முழுக் கையையும் கம்பியோடு மேலே நகர்த்தித் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். ஒரு கிழமையில் மெட்டு முழுதாக வந்தது.

வழக்கமாக அக்காதான் சனிக்கிழமைகளில் அன்ரியின் போனுக்கு எடுப்பாள். நான் அதுவரை பொறுத்திருக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு காலி வீதியில் இருந்த கொமினிகேஷன் கடைக்குப் போனேன். வெளிநாட்டுக்குக் கதைக்க அங்கே எப்போதும் வரிசை நிற்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் கிற்றார் கொள்ளவில்லை. கதவைத் திறந்து வைத்தபடி, றிசீவரைப் பலகையில் கிடத்திவிட்டு வாசிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா எடுத்ததும், "கதையாதை, கேள்" என்று மட்டும் சொல்லிவிட்டு றிசீவரை வைத்து வாசித்தேன். நடு இடத்தில் கை ஏறி இறங்கியது. ஒரு சுரமும் பிழைக்கவில்லை. முடித்துவிட்டு றிசீவரை எடுத்தேன். 

"அக்கா? கேட்டதோ?"

"என்னடா நடந்தது?" என்றாள். "ஏன் இண்டைக்கு எடுத்தனி? அம்மாவுக்கு ஏதுமோ? உன்னைத் திரும்பப் பிடிச்சவங்களோ?"

"ஒண்டும் இல்லை. மெட்டு வந்திட்டுது. அதான் எடுத்தனான்."

 "நான் ஒண்டும் கேக்கேல்லை" என்றாள் அக்கா. "போன் அடிச்சதில இருந்து நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்டது. திருப்பி வாசி."

வரிசையைப் பார்த்தேன். முன்னால் நின்ற ஐயா, வாசி என்பதுபோலத் தலையை ஆட்டினார். றிசீவரைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தேன். இரண்டாம் முறை நடு இடத்தில் பிழைத்தது. நிற்கவில்லை, வாசித்து முடித்தேன்.