தேசம்மா அக்கா நேர்ந்துவிட்ட பிராய்லர் கோழி

போன் வந்தபோது நான் கொட்டகைக்குள் தண்ணீர்க் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தேன். அது அடைத்துக்கொண்டால் அந்த வரிசைக் கோழிகளுக்குத் தண்ணீர் இறங்காது. இந்த வெயிலில் கொஞ்ச நேரம் போதும், கொத்தாகச் செத்துவிடும். மின்விசிறி இரைச்சலில் முதல் அழைப்பு காதில் விழவில்லை. மறுபடி அடித்தது. தேசம்மா அக்காவின் வீட்டுக்காரர், நாகராஜ் மாமா.

"பத்மா, அக்கா போய்ட்டாம்மா" என்றார். திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். பின்னால் யாரோ தெலுங்கில் டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் அழவில்லை. வெளியே ஓடிவந்து மாமரத்தடியைப் பார்த்தேன். அங்கே ஒரு வெள்ளைக் கோழி, காலில் மஞ்சள் கயிற்றோடு, மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. எனக்கு அதன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். தேசம்மா அக்காவைத் தெரியாதவர்களுக்கு முதலில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விஜயபுரம் பக்கத்தில் அவர் நிலமும் எங்கள் நிலமும் ஒரே வரப்பைப் பங்கு போட்டுக்கொண்டவை. இரண்டு வீட்டுக்கும் நிலம் என்று ஒன்று வந்ததே எங்கள் காலத்தில்தான். அதற்கு முன் எல்லாரும் அடுத்தவர் கழனியில் வேலை செய்தவர்கள். நிலக்கடலை இரண்டு வருடம் கைவிட்டபோது, இருவரும் ஒரே சமயத்தில் கோழிக் கொட்டகை போட்டோம். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் கரண்டும் உடம்பும் நம்முடையது. ஆறு வாரத்தில் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். கோழி ஒன்றுகூட நமக்குச் சொந்தமில்லை. இன்னொரு சட்டமும் உண்டு. வீட்டில் வேறு கோழி எதுவும் வளர்க்கக் கூடாது, நோய் தொற்றும் என்பார்கள். ஆக, கோழிக்காரிகள் ஆன வருடத்தில் எங்கள் இருவர் வாசலிலும் ஒரு கோழி இல்லை.

அக்காவுக்குப் பெரிய குரல். தெருமுனையில் பேசினால் பஸ் ஸ்டாப்பில் பதில் சொல்லலாம். கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுவார். ஆனால் கொட்டகைக்குள் போகும்போது மட்டும் வாசலில் நின்று மெல்லத் தொண்டையைச் செருமுவார். திடீரென்று போனால் கோழிகள் மிரண்டு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். "வரேன், வரேன். யாரும் எழுந்திரிக்க வேணாம்" என்று மந்திரி வருவதுபோல் சொல்லிக்கொண்டே நுழைவார். நான் சிரிப்பேன். பிற்காலத்தில் அவர் அந்த வேடிக்கையை விட்டுவிட்டார். "கடைசி வாரத்துல அதுங்களால நெஜமாவே எழுந்திரிக்க முடியலடி. பாத்திருக்கியா? நெஞ்சு பெருத்துப் பூடுது, காலு தாங்கல" என்றார். பார்த்திருக்கிறேன். பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கப் பழகியிருந்தேன். யாராயிருந்தாலும் பழகித்தான் ஆக வேண்டும்.

ஒரு தை மாதம் நாகராஜ் மாமா டிராக்டரிலிருந்து இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திருப்பதிக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷன் என்றார்கள். கதவைச் சாத்தியதும் அக்கா வராந்தாவிலேயே கைகூப்பிக் கத்தினார்: "கங்கம்மா, அவர நடந்து வூட்டுக்கு வரவையி. எங்க கொட்டாயிலேர்ந்து ஒரு கோழிய உனுக்கு வுட்டுடறேன், ஜாத்திரைக்குக் கொண்டாறேன்!"

எங்கள் பக்கத்தில் வேண்டிக்கொண்டு நேர்ந்துவிட்ட கோழி அம்மனுடையது. கூண்டில் அடைக்கக் கூடாது, விற்கக் கூடாது, கல்லெடுத்து ஓட்டக் கூடாது. ஜாத்திரை என்கிற அம்மன் திருவிழா வரைக்கும் அது இஷ்டத்துக்குத் திரியும், அன்றைக்கு அம்மனுக்கு அறுப்பார்கள். அதற்கென்று நாட்டுச் சேவலைத்தான் விடுவார்கள். அக்கா வாயில் வந்ததோ கொட்டகைக் கோழி. ஆறு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கச் செய்யப்படாத கோழி. ஜாத்திரைக்கோ நான்கு மாதத்துக்கு மேல் கிடந்தது.

மாமா பிழைத்தார். ஊருக்கு வந்ததும் எல்லாரும் சொன்னோம், ஒரு நாட்டுச் சேவல் வாங்கி விட்டுவிடு என்று. "கொட்டாயிலேர்ந்துன்னு சொன்னேன். அம்மனுக்கு வித்தியாசம் தெரியாதா? சேவல் மாறிச்சின்னா இவரையும் மாத்திடுவா" என்றார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. கண்ணில் பயம் அப்படியே தெரிந்தது. அன்றைக்கே ஒரு கோழியைத் தூக்கி வந்து, காலில் மஞ்சள் கயிறு கட்டி, தன் தோட்டத்து மாமரத்தடியில் விட்டார்.

அது விட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. வானத்தைப் பார்த்ததில்லை அல்லவா. காக்கை கத்தினால் மண்ணில் தலையைப் புதைத்துக்கொண்டது.

எடை போட வந்த கம்பெனி சூப்பர்வைசர் பையன் பதறிப்போனான். "இதி கம்பெனி கோடி அக்கா, மீதி காது" என்றான், இது உங்களுடையது இல்லை என்று. "ஆ மாட்ட கங்கம்மகி செப்பு" என்றார் அக்கா. அதைப் போய் கங்கம்மாவிடம் சொல்லச் சொன்னதும் அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, செத்துப்போன கோழிகளோடு அதையும் சேர்த்து எழுதிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள். மாமாவை டாக்டர் தினம் நடக்கச் சொல்லியிருந்தார். கோழியை நடக்கவைக்க அக்காவே வழி கண்டுபிடித்தார். தீவனத்தைக் குறைத்தார். இரையைத் தோட்டத்தின் ஒரு மூலையிலும் தண்ணீரை மறு மூலையிலும் வைத்தார். தாகமெடுத்தால் எழுந்துதானே ஆக வேண்டும். முதலில் நாலு எட்டு வைத்து உட்காரும், மறுபடி எழும். நாகராஜ் மாமா மாமரத்தைச் சுற்றுவார், கோழி அவர் பின்னால் தள்ளாடும். சமையலறையிலிருந்து அக்கா குரல் வரும்: "நடக்குதா?"

"என்ன கேக்கறியா, கோழிய கேக்கறியா? எனுக்கு மரியாதயே இல்லியா?" என்பார் மாமா.

"கோழி நடந்தா நீயும் நடப்ப. பேசாத சுத்து."

வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் ஒருநாள் அதன் கால் வீங்கிப்போய் அது எழவே இல்லை. அக்கா அன்று பச்சைத் தண்ணீர்கூட வாயில் ஊற்றவில்லை. கோழியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். "பிராய்லருக்கு வைத்தியமா? குழம்பு வைங்கம்மா" என்று டாக்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "இது செத்தா என் வூட்டுக்காரர் செத்துப்பூடுவார் சார்" என்றார். டாக்டர் முகம் மாறியது. காலுக்கு மருந்து போட்டார்.

பங்குனிக் கடைசியில் வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் கரண்டு போனது. என் ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது, அவருடையதும் கிளம்பவில்லை. உள்ளே அனல். கோழிகள் வாயைப் பிளந்து இரைத்தன. தண்ணீர் தெளித்துத் தெளித்து எங்கள் கை ஓய்ந்தது. கரண்டு வருவதற்குள் இரண்டு கொட்டகையிலும் வெள்ளை வெள்ளையாகக் குவிந்துவிட்டன. அக்கா திடீரென்று நினைவு வந்து மாமரத்துக்கு ஓடினார். போனவர் வரவில்லை. அதுவும் போய்விட்டது, இனி அக்காவை எப்படித் தேற்றுவது என்று நானும் பின்னால் போனேன்.

கோழி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஈர மண்ணில் குழி பறித்து இறக்கையை விரித்துப் படுத்திருந்தது. உயிரோடு. அக்கா அதன் எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"இத்த நான் காப்பாத்தல பத்மா. இது நெழலு தேடி எழுந்து போயிகீது. உள்ள கீறதுங்களுக்கு எழுந்து போவ எடம் இல்ல. அவ்ளோதான்டி வித்தியாசம்."

ஜாத்திரை அன்று கோயில் தெருவில் இறக்கிவிட்டு அதை நடக்கவைத்தே கூட்டிப்போனார். "பிராய்லர் கோழிடா!" என்று கூட்டம் சிரித்தது. அம்மனுக்கு அதை அறுத்துக் கொடுத்தார். பாவம் பார்த்து விட்டுவிடுவார் என்று நான் எண்ணியிருந்தேன். வீட்டுக்கு வந்து குழம்பு வைத்து, மாமாவுக்குப் பரிமாறிவிட்டுப் பின்கட்டில் போய் அழுதார். "அறுத்தது தப்பில்லடி. கோழின்னா துன்னத்தான் போறோம். ஆனா அதுவரைக்கும் அது கோழியா இருந்திச்சி. மண்ணக் கிளறிச்சி, பூச்சி துன்னிச்சி. உள்ள கீறதுங்களுக்கு நாம அத்தக்கூட குடுக்கல" என்றார்.

அந்த வருடமே கம்பெனியை விட்டார். கொட்டகையின் பக்கவலையை அறுத்து மாந்தோப்புக்கு வழி திறந்து நாட்டுக்கோழி விட்டார். எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். கீரி தின்றது, பருந்து தூக்கியது, ஒருமுறை வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து பாதி போனது. "என் கொட்டாயில கீரி வராதுக்கா, உன் கோழி நிம்மதியாவா கீது?" என்று சண்டை போட்டேன். "கீரியப் பாத்து ஓடவாவது அதுங்களுக்குக் காலு கீதுடி" என்றார். நான் கொட்டகையை விடவில்லை. அதற்குக் காரணம் சொன்னால் என் வீட்டுக் கதை முழுதும் சொல்ல வேண்டும். அவரும் என்னை விடு என்று சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நுரையீரல் கெட்டிருக்கிறது என்றார்கள். கொட்டகையின் தூசியும் எருவின் நெடியுமா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார் டாக்டர். அந்த 'இருக்கலாம்' எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. இப்போதும் காலையில் இருமல் வந்தால், இது சாதாரண இருமல்தானா என்று காது கொடுத்துக் கேட்கிறேன்.

அவரைத் திருப்பதியில் சேர்த்த அன்று, யாரிடமும் சொல்லாமல் நானும் வேண்டிக்கொண்டேன். என் கொட்டகையிலிருந்து ஒரு கோழி, எங்கள் தோட்டத்து மாமரத்தடியில். காலில் மஞ்சள் கயிறு. இரை ஒரு மூலை, தண்ணீர் ஒரு மூலை. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "மீரு கூடானா அக்கா?" என்றான். ஆமாம், நானும்தான். செத்த கணக்கில் எழுதிக்கொண்டான்.

பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அது உட்கார்ந்தால் பயம், நொண்டினால் பயம், நாய் குரைத்தால் பயம். போனில் அக்கா இளைத்த குரலில் பேசினால் உடனே ஓடிப்போய் அதன் காலைப் பார்ப்பேன். கடைசியாகப் பேசியபோது எப்படியோ அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. "எனுக்கு வுட்டியாமே? நடக்குதா?" என்றார். நடக்குதுக்கா என்றேன். "சரி" என்றார். அடுத்து இருமல்தான் வந்தது.

கோழி நன்றாக நடந்தது. அக்கா போய்விட்டார். அன்று எனக்கு வந்த ஆத்திரம் அதுதான். அம்மன் அவரை எடுத்துக்கொண்டு போகும்போதுகூட, இந்தப் பாழாய்ப்போன கோழி சாகாமல் இருக்கிறதே என்று நினைத்தேன். அது என்ன பண்ணும், பாவம்.

காரியம் முடிந்த மறுநாள் நாகராஜ் மாமா எங்கள் தோட்டத்துக்கு வந்தார். கோழியையும் கயிற்றையும் பார்த்தார். அறுத்துவிடட்டுமா, பலிக்காத வேண்டுதல் கோழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன்.

அவர் குனிந்து அதன் காலிலிருந்த கயிற்றை அவிழ்த்தார். "கம்பெனிக்கு இது செத்துப்போச்சு. அம்மனும் எடுத்துக்கல. இனிமே இது யாரோடதும் இல்லம்மா. வுடு" என்றார். பிறகு மாமரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். கோழி அவர் பின்னால் போனது. சமையலறைப் பக்கம் திரும்பி ஒரு நிமிடம் நின்றார். அங்கே யாரும் இல்லை. அது அக்காவின் சமையலறையும் இல்லை, என்னுடையது.

நாளை லாரி வருகிறது. உள்ளே இருப்பவை எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்திருக்கின்றன. இன்று உள்ளே நுழையும்போது நானும் வாசலில் நின்று செருமினேன், யாரும் எழுந்திரிக்க வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த குஞ்சுகளை வாங்குவேனா மாட்டேனா, எனக்கே தெரியவில்லை அக்கா. பயமாக இருக்கிறது. வாங்கினாலும் பயம், வாங்காவிட்டாலும் பயம்.

போய் வாருங்கள் அக்கா. விடிந்ததும் முதலில் மாமரத்தடிக்குத்தான் போனேன். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நடக்குதுக்கா.