தண்ணீர் வராவிட்டால்?

அறுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தோடு வந்தவன், திரும்பிப் போகக் காசில்லாமல் செஞ்சியில் கிணறு வெட்டும் ஆட்களோடு சேர்ந்துகொண்டேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் மறுபடி ஒரு வகுப்பறைக்குள் நுழைந்தது அங்கேதான்.

பக்கத்துச் சிற்றூருக்கு அந்த வருஷம் ஒரே ஒரு வேலைக்குத்தான் சர்க்கார் பணம் கிடைக்கும். மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலை வண்டிகள் போக ரோடா, காலனிக்குக் கிணறா என்று முடிவெடுக்காமல் பஞ்சாயத்துத் தலைவர் இழுத்துக்கொண்டிருந்தார். செஞ்சி உயர்நிலைப் பள்ளியில் சமூகப் பாடம் நடத்தும் ஆசிரியர் அவருக்குச் சிநேகிதர். "புத்தகத்துல படிச்சா இதுங்களுக்குப் புரியல. நீங்க வந்து எதிர்ல உக்காருங்க, இதுங்க பேசட்டும்" என்று அழைத்துவிட்டார்.

கிணற்றைப் பற்றிச் சொல்ல எங்கள் மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் கூச்சப்பட்டு என்னைத் தள்ளிவிட்டார். "தண்ணி கண்டிப்பா வரும்னு சொல்லு. வேற ஒன்னும் பேசாத" என்றார். கொஞ்ச நாட்களாகவே எங்களுக்கு ஒருவேளைக் கஞ்சிதான். கிணறு இல்லையென்றால் அதுவும் இல்லை.

பையன்கள் பாதிப்பேர் ரோடு, ரோடு என்று கத்தினார்கள். ஒரு பெண் எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணே, தோண்டியும் தண்ணி வரலன்னா அந்தப் பணம் இன்னா ஆவும்?"

பொய் சொல்லத்தான் வாய் திறந்தேன். ஜன்னலில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிந்தது. பாறைமேல் பாறை. "கீழ பாறை இருந்தா போனது போனதுதாம்மா. வரலாம், வராமலும் போவலாம்" என்றேன். வாசலில் நின்ற மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

"பாத்தியா, ரோடு போட்டா போட்ட எடத்துல இருக்கும்" என்று ஒருவன் சிரித்தான்.

அந்தப் பெண் உட்காரவில்லை. "எங்க நைனாவும் மல்லாட்டை மண்டிதான் வச்சிருக்காரு. மண்டிக்காரங்க ஒன்னு சேர்ந்தா ரோட்டுக்குக் கப்பிக்கல்லு கொட்டிக்குவாங்க. காலனிக்காரங்க காசு போட்டுத் தோண்டி, அது பாறையா போனா தாங்குவாங்களா? அதுக்குத்தானே சர்க்கார் பணம்?"

"இன்னிக்கு உங்க நைனா உனக்குச் சோறு போட மாட்டாரு!" என்றான் பின்னால் ஒருவன். வகுப்பே சிரித்தது. அவளும்தான்.

தலைவர் சிரிக்கவில்லை. "சர்க்கார் முழுசா தராது. ஊர்ப் பங்கு வேணும். காலனியில யாரு கட்டுவாங்க?" என்றார். காலனியிலிருந்து வரும் மாணவன் எழுந்தான். "நாங்க வந்து மண்ணு தூக்குறோம். அதையே பங்கா எழுதிக்குங்க சார்." கை தூக்கச் சொன்னபோது கிணற்றுக்குத்தான் அதிகக் கைகள். ரோடு என்று கத்தியவர்களிலும் சிலர் தூக்கினார்கள். தலைவர் அப்படியே எழுதி அனுப்பினார்.

வேலை தொடங்கியது. நான் சொன்னபடியே பாறை வந்தது. "உன் கருநாக்குடா" என்று மேஸ்திரி திட்டிக்கொண்டே வெடி வைத்தார். காலனி ஆட்கள் ஆணும் பெண்ணுமாகக் கல்லைச் சுமந்து கொட்டினார்கள். நின்றுவிடுவார்கள் என்று நினைத்தேன், நிற்கவில்லை. கடைசியில் பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் கசிந்து, மறுநாள் இடுப்பளவு நின்றது. கூலி வாங்கிக்கொண்டு நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் சர்க்கார் பணத்தில் நடக்கும் வேலைகளில் மண் சுமந்திருக்கிறேன். இது பாழாய்ப் போனால் தாங்க முடியாதவர்களுக்காகச் செய்கிறார்களா, தாங்களே செய்துகொள்ளக்கூடியவர்களுக்காகவா என்று அந்தப் பெண்ணைப்போல் ஒருமுறை கேட்டுப் பார்க்காமல் இன்றுவரை நான் மண்வெட்டியைத் தொட்டதில்லை.