குடலுக்குள் குடியிருப்பவை

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் என் பெருங்குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். கட்டி இருந்தது, நல்லவேளை, புற்று இல்லை. அதன்பிறகு வார்டில் யார் வந்தாலும் ஒரே கேள்விதான். "காத்துப் பிரிஞ்சுதா?" டாக்டர், நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர், திருச்சுழியிலிருந்து பார்க்க வந்த மச்சினன் எல்லாரும் கேட்டார்கள். குடல் மறுபடி வேலைசெய்யத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளமாம். கடைசியில் பிரிந்தபோது என் மனைவி நர்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம் குழைந்த சோறும் ரசமும்தான். பிறகு காட்டப் போனபோது அங்கிருந்த டயட்டீஷியன் பெண் சொன்னார்: "இனிமே சின்ன வெங்காயம், பாசிப்பருப்பு, லேசா காயா இருக்கிற வாழைப்பழம் சேத்துக்கலாம். இது உங்களுக்கு இல்ல சார், உங்க குடல்ல இருக்கிற பாக்டீரியாவுக்கு."

ஆபரேஷன் சமயம் கொடுத்த கிருமிக்கொல்லி மருந்தில் நல்ல பாக்டீரியாவும் செத்திருக்குமாம். நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைத் தின்றுவிட்டு அவை ஒரு அமிலத்தை விடுமாம். குடலின் உள்சுவருக்கு அதுதான் தீனியாம்.

"அப்ப தையல் சீக்கிரம் ஆறுமா?"

"உதவும்னு நெனைக்கிறாங்க சார். அடிச்சுச் சொல்ற அளவுக்கு இன்னும் தெரியல."

தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அருப்புக்கோட்டை பஸ்ஸில் வரும்போது வயிற்றில் கைவைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"கிருமிக்குச் சோறு போடவா உங்களத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சேன்?" என்றாள் மனைவி.

"நல்ல கிருமியாம்."

"சரி, எவ்வளவு போடணுமாம்?"

அதைக் கேட்க மறந்திருந்தோம். ஆர்வக்கோளாறில் மறுநாள் நான் குழம்பில் கிடந்த வெங்காயத்தை ஒரு கிண்ணம் நிறைய அள்ளித் தின்றேன். சாயங்காலம் வயிறு கல்லு மாதிரி உப்பிவிட்டது. தையல் விட்டுப்போச்சோ என்று பயந்து போன் போட்டோம்.

"காய்ச்சல், வாந்தி, கடுமையான வலி ஏதும் இருக்கா?" என்று கேட்டார் அந்த டயட்டீஷியன் பெண். இல்லை என்றதும், "ரொம்ப நாள் கழிச்சு விருந்து வச்சிருக்கீங்க. ஒரேயடியா வச்சா அதுக காத்தா விடத்தான் செய்யும். கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டுங்க. வலி வந்தா உடனே கெளம்பி வந்துருங்க" என்றார்.

அதிலிருந்து என் மனைவி பொறுப்பை எடுத்துக்கொண்டாள். ரெண்டு வெங்காயத்தை நன்றாக வதக்கி வைப்பாள். சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வயிற்றுச் சத்தத்தைக் கவனிப்பாள். "பருப்புக்குப் பேசாம இருக்குதுக. வெங்காயத்துக்குத்தான் இந்தச் சத்தம்" என்பாள். எனக்கும் அதைக் கேட்க வேடிக்கையாக இருந்தது. இத்தனை வருஷம் என்னோடேயே இருந்தவற்றை நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

சில மாதம் கழித்து உள்ளே கேமராவை விட்டுப் பார்த்த டாக்டர், இணைத்த இடம் நன்றாக ஆறியிருக்கிறது என்றார். பாக்டீரியாவாலா என்று கேட்டேன். "அதுவும் இருக்கலாம். தையலும் நல்லாப் போட்டிருந்தோம்" என்று சிரித்தார்.

"அதுகளுக்குக் கம்பு ஆகுமா டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி.

கொஞ்சமாக ஆரம்பிக்கச் சொன்னார். மறுநாள் கம்பங்கூழ் காய்ச்சி எனக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு சொம்பு நிறைய ஊற்றிக்கொண்டாள். நான் பார்த்தேன்.

"எனக்குள்ளயும் இருக்கும்ல" என்றாள்.