இலஞ்சிக் குமரனைத் திட்டி வாங்கின கட்டுரைகள்

வெள்ளிக்கிழமைக்குள்ள என் தலைப்பை ஒட்டி முன்னாடி மத்தவங்க எழுதுன ஆய்வுக் கட்டுரை இருபது கொண்டு வரலைன்னா, இந்த வருசம் ஆய்வுத் திட்டத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு எங்க கைடு. நான் எம்.எட். ரெண்டாம் வருசம். ஒரு வருசம் போச்சுன்னா எனக்குன்னு சொல்லி வச்சிருக்க ஸ்கூல் வேலையும் போச்சு. போன ஆனி மாசம் நான் பட்ட பாட்டை முருகனடியார்கள் உங்ககிட்டதான் சொல்லணும்.

மாநில எல்லையில இருக்க புளியறைப் பக்கம், வீட்டுல மலையாளம் பேசிட்டு, பள்ளிக்கூடத்துல தமிழ் படிக்கிற மூணாம் வகுப்புப் பிள்ளைக எப்படி வாசிக்குதுங்கதுதான் என் ஆய்வு. யூனிவர்சிட்டி லைப்ரரி வெப்சைட்டுல தேடுனேன். ஒண்ணும் இல்ல. திரும்பத் தேடுனேன். அப்பவும் ஒண்ணும் இல்ல. எட்டு நாளு! சே, என்ன பொழப்பு இது! இதுல எங்க வீடு அருவிக்குப் பக்கத்துல, மேலகரத்துல. சீசன் வந்துட்டா சொந்தக்காரங்க அத்தனை பேரும் அருவியில குளிக்க எங்க வீட்டுலதான் வந்து இறங்குவாங்க. என் லேப்டாப் மேல யாரோ ஈரத்துண்டைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. "நீயும் வாயேன்ட்டி, தண்ணி நல்லா விழுது"ன்னு சித்தி வேற. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேந்து வந்துச்சு.

யாருகிட்டயாவது கேட்டிருக்கலாம். எம்.எட். சேருறதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துனவ, தேடத் தெரியலன்னு எப்படிப் போய்க் கேக்க? வெக்கம்.

புதன்கிழமை காலையில இலஞ்சி கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகல, சண்டை போடத்தான் போனேன். "அப்பனுக்கே பாடம் சொன்னவன்னு பேரு. எனக்கு ஒரு கட்டுரை காட்டித்தர முடியலையோ?" வாய்விட்டே கேட்டுட்டேன்.

பக்கத்துல நின்ன அக்கா திரும்பிப் பாத்தாங்க. "என்ன கட்டுரைம்மா? நான் காலேஜ் லைப்ரரியிலதான் வேலை பாக்கேன்." சீசனுக்குக் குளிக்க வந்தவங்களாம். எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

பிரகாரத்துலயே உக்காந்து, நான் தேடுனதைப் போன்ல காட்டுனேன். சிரிச்சுட்டாங்க. புளியறை, மூணாம் வகுப்புன்னு என் ஆய்வுத் தலைப்பை ஒரு எழுத்து விடாம அப்படியே அடிச்சு வச்சிருக்கேன். "இப்படிப் போட்டா உன் ஆய்வேடு மட்டுந்தாம்மா வரும். அதை நீ இன்னும் எழுதவே இல்லையே!" ஊர் பேரை எடுத்தாங்க. வகுப்பை எடுத்தாங்க. வீட்டு மொழி, பள்ளி மொழி, வாசிப்பு, இந்த மூணை மட்டும் இங்கிலீஷ்ல போட்டாங்க. மளமளன்னு வந்து விழுந்துச்சு, எங்கெங்கயோ இருக்க எல்லையோரப் பிள்ளைகளைப் பத்தி! ஒரு நல்ல கட்டுரை கிடைச்சா, அதுக்குக் கடைசியில இருக்க மேற்கோள் பட்டியலைப் பிடிச்சு அடுத்ததுக்குப் போகலாம்னும் சொல்லித் தந்தாங்க.

வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு கொண்டு போனேன். கைடு கையெழுத்துப் போட்டாரு.

முருகா, உனக்குக் கோடி நன்றி. ஆனா அந்த எட்டு நாளுக்கு என் கோவம் இன்னும் முழுசா ஆறல. இப்பல்லாம் தெரியாததை அன்னைக்கே யாருகிட்டயாவது கேட்டுருதேன். நீங்களும் அவன்கிட்ட போங்க. ஆத்திரமா இருந்தா திட்டியே கேளுங்க. தப்பா நினைக்க மாட்டான். ஒரு பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு மலையேறினவன்தானே!