அக்கா ஓட்டிய கார்

வேங்கிக்கால் வீட்டில் மகள் தன் ரிமோட் காருக்கு ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். ஈயம் உருகும் வாசனையில் அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

அக்காவால் நடக்க முடியாது. மாமா வாங்கித்தந்த ரிமோட் காரைப் பிரித்து, பெரிய மோட்டாரும் மேலே ஒரு சோப்பு டப்பாவும் பொருத்தினாள். வாசலில் உட்கார்ந்தபடியே தெருமுனைப் பூக்கடைக்கு ஓட்டுவாள். பூக்காரம்மா டப்பாவில் பூ வைத்து அனுப்புவார். தெருவே அவளைப் பாராட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. பேட்டரியை எடுத்துக் கிணற்றில் போட்டுவிட்டேன்.

"பேட்டரியைப் பாத்தியாடி?"

"இல்லக்கா."

அந்த வாரமே காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

பல வருஷம் கழித்து அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

"அவளுக்கு அப்பவே தெரியும்டி. உன்னை எதுவும் கேக்கக்கூடாதுன்னு ஆஸ்பத்திரில எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா" என்றாள் அம்மா.

"நீ ஓட்டிப் பாக்கறியாம்மா?" மகள் ரிமோட்டை நீட்டினாள்.

என்னால் கை நீட்ட முடியவில்லை.