பிச்சம்மாளின் வரிசைப் பல்

பிச்சம்மாள் உப்பளத்தில் ஓலைப்பெட்டியில் உப்புச் சுமந்தவள். தூத்துக்குடியில் எனக்கு அடுத்த வீடு. அழகி என்று சொல்ல முடியாது. பல் மட்டும் கோத்து வைத்த மாதிரி வரிசையாக இருக்கும். அது அவளுக்கும் தெரியும், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். முப்பத்திரண்டு வயதில் அந்தப் பல் ஆட ஆரம்பித்தது. ஈறு வீங்கி, வேப்பங்குச்சி பட்டாலே ரத்தம் வந்தது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் கம்பியை விட்டு, பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டினார். கிண்ணத்தில் கறுப்புக் கறுப்பாக விழுந்தது.

"ஈறு ஆறினால் பல் நிற்கும். ஆறாவிட்டால் பிடுங்க வேண்டியதுதான்" என்றார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், குழைந்த சோறுதான் தின்ன வேண்டும், புகையிலையைத் தொடக்கூடாது.

வழியெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"பொழுதன்னைக்கும் உப்புலதான நிக்கேன் மதினி. அதுக்கு மேலயும் உப்பா?"

"காலுல கெடக்க உப்பு வாய்க்கு எட்டாதுளா. பேசாம வா."

மறுநாள் போய்ப் பார்த்தால், கல் உப்பை விரலில் எடுத்து ஈறில் தேய்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏளா, வாய்க்குள்ள கருவாடா போடுத?"

"எரிஞ்சாத்தான் கேக்கும்னு நெனச்சேன்."

வெந்நீரை ஆறவைத்து, ஒரு சிட்டிகை உப்புக் கரைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து மெல்லத் துப்பச் சொன்னேன். வேப்பங்குச்சியை அடுப்பில் போட்டுவிட்டு, பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றிப் பல்லைத் துடைக்கச் சொன்னேன். கன்னத்துக்கு ஈரத்துணி. ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் மறுபடியும் வீங்கியது. வாயைத் திறக்கச் சொன்னேன். கன்னத்துக்குள் புகையிலை.

"டாக்டர் சொன்னது காதுல ஏறலையா?"

"ஏறுச்சு மதினி."

"பெறவு?"

"இத அடக்கிக்கிட்டா பசிக்காது."

ரேஷனில் கிடைத்தது பாதி அரிசி, பாதி மக்காச்சோளம். அவள் புருஷன் நயினார் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். அரிசியை அவனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பொங்கிப் போட்டுவிட்டு இவள் சோளத்தோடு நின்றாள். இடித்துக் கூழாக்கினாலும் தோல் ஈறுக்குள் போய்க் குத்தியது.

நயினாரை வாசலில் மறித்தேன்.

"தம்பி, அவ சோறு திங்காளா?"

"தின்னுட்டேன்னு சொல்லுதா அக்கா."

"நீ பாத்தியா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அவனையும் எத்தனை ஏச முடியும்? அவன் படுத்துவிட்டால் பாதி அரிசியும் கிடையாது.

என் வீட்டிலும் அதே ரேஷன்தான். சோறு வடித்த கஞ்சியை ஒரு செம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்தாள். நான் வாசல் தாண்டுவதற்குள் சின்னது அதைக் குடித்துக்கொண்டிருந்தது. அவளைத் திட்ட வாயெடுத்தேன், திட்டவில்லை. நானும் பிள்ளை பெற்றவள்.

ஆடி மாதத்தில் ஒரு பல் சோற்றுப் பானை கழுவும்போது தானாக விழுந்தது. திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேல் வரிசை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். பிச்சம்மாள் கிண்ணத்தில் கிடந்த பல்லை எட்டிப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு மதினி" என்றாள், பஞ்சைக் கடித்துக்கொண்டு. "ஒரு காரை இல்ல."

டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், குழைந்த சோறு, புகையிலை கூடாது. பிச்சம்மாள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.